பேட்ஜைத் துலக்காதீங்க, திருப்பிப் பாருங்க

முதல் வேலை, கையில் இருக்கும் புளியைக் கீழே வையுங்கள். பிராசோ டப்பாவையும் மூடிவிடுங்கள். தாத்தாவின் பட்டாளத்து பேட்ஜ் பெட்டியடியிலிருந்து கிடைத்ததும் நம் ஊரில் எல்லோருக்கும் கை பரபரக்கும். குத்துவிளக்கு மாதிரி தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிடத் தோன்றும். தேய்த்தால் போவது அழுக்கு மட்டும் அல்ல. பின்பக்கம் பட்டறைக்காரன் குத்திய எழுத்தும் சேர்ந்து போகும். அந்த எழுத்துக்கு ஒரு மயிரிழை ஆழம்தான் இருக்கும்.

தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்து ஒன்றில் முலாம் பட்டறை வைத்திருக்கிறேன். சாமி கவசம், திருவாசி, கவரிங் வளையல், இதுதான் பிழைப்பு. பேரையூர், கல்லுப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊர் குறைவு என்பதால் பேட்ஜும் வரும், மெடலும் வரும். கொடைக்கானலில் பழைய பங்களாவைக் காலி செய்யும்போது கிளம்பும் சாமான்கள் காயலான் கடை வழியாக இங்கே இறங்கும். "அண்ணே, தங்கமாட்டம் ஆக்கிக் குடுங்க" என்று நீட்டுவார்கள். நான் வாங்கியதும் திருப்பிப் பார்ப்பேன். முன்பக்கம் அது எந்தப் படை என்று சொல்லும். எந்தக் காலம், எந்தப் பட்டறை என்பதைப் பின்பக்கத்தில்தான் தேட வேண்டும். முலாம் போட்டுவிட்டால் உள்ளே இருப்பது பித்தளையா, ஜெர்மன் சில்வரா, வெள்ளியா என்பதே மறைந்துவிடும். அதனால் பழைய பேட்ஜுக்கு நான் முலாம் போடுவதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த பட்டறைக்குப் போகிறவர்களும் உண்டு, போகட்டும்.

எதை வைத்துப் பார்ப்பது

நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, நுணுக்கமாக அளவெடுக்க வெர்னியர் காலிப்பர் ஒன்று, கிராம் தராசு ஒன்று. விளக்குக்கு போன் டார்ச் போதும். டார்ச்சை நேர் மேலே பிடிக்காதீர்கள்; எழுத்து தட்டையாகிக் காணாமல் போகும். பேட்ஜை மேஜையில் கவிழ்த்து, வெளிச்சம் மேஜையோடு மேஜையாகப் பக்கவாட்டில் வரும்படி பிடித்து, பேட்ஜை மெதுவாகச் சுற்றுங்கள். தேய்ந்துபோன எழுத்துகூட ஏதோ ஒரு திசையில் நிழல் காட்டும். அந்த நிமிஷத்தில் போட்டோ எடுத்துவிட வேண்டும்.

அழுக்கு அடைத்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு, மெத்தென்ற பல் பிரஷ், முனை சீவிய வேப்பங்குச்சி. ஊசி, குண்டூசி வேண்டாம். நன்றாகத் துடைத்து நிழலில் ஆற விடுங்கள். அதன்பின் பட்டர் பேப்பரை மேலே போட்டு மெல்லிய பென்சிலால் உரசினால் எழுத்து காகிதத்தில் ஏறும். கண்ணுக்குத் தெரியாதது காகிதத்தில் தெரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எழுத்து எங்கே இருக்கும்? தொப்பி பேட்ஜின் பின்னால் செங்குத்தாக ஒரு நாக்கு இருக்கும், தொப்பிப் பிளவில் செருகுவதற்கு. அந்த நாக்கின் மேல் பாருங்கள். நாக்குக்குப் பதில் ஊசி கோக்கும் வளையமாக இரண்டு செம்புக் காது பற்றவைத்திருந்தால், நடுவில் தகட்டிலேயே குத்தியிருக்கும், அல்லது முத்திரை போட்ட சின்ன வில்லை ஒட்டியிருக்கும். பொத்தான் என்றால் பின்புறம் வட்டமாக ஓடும். புரூச் என்றால் ஊசியின் கீல் பக்கம்.

பெயர் சொல்லும் வருஷம்

பட்டறை முத்திரையில் மூன்று விஷயம் இருக்கலாம்: பெயர், ஊர், முகவரி. பெயர் மாறும், ஊர் மாறும், கடை இடம் மாறும். அந்த மாற்றம் நடந்த வருஷம் தெரிந்தால் பேட்ஜின் காலத்துக்கு ஒரு வேலி கிடைத்துவிடும்.

அடிக்கடி கண்ணில் படும் பெயர் ஜே.ஆர். காண்ட். பர்மிங்காம் பட்டறை, 1880களில் தொடங்கியது. 1973-இல் பர்மிங்காம் மின்ட் என்ற நாணயச்சாலை அதை வாங்கிவிட்டது. பெர்மின் அதைவிடப் பழசு, 17ஆம் நூற்றாண்டிலிருந்தே லண்டனில் பொத்தான் தொழில் செய்த குடும்பம். அவர்கள் பொத்தான்களில் தெருப் பெயரும் கதவு எண்ணும் சேர்த்துக் குத்தியிருப்பார்கள்; கடை இடம் மாற மாற எழுத்தும் மாறியதால், சேகரிப்பவர்கள் முகவரியை வைத்தே காலத்தைப் பிரிக்கிறார்கள். 'பட்டன்ஸ் லிமிடெட்' என்று இருந்தால் 1907-க்கு முன்னால் போக முடியாது. பர்மிங்காம் பொத்தான் பட்டறைகள் சில ஒன்றாகச் சேர்ந்து அந்தப் பெயரில் கம்பெனி ஆனது அந்த வருஷம்தான். லண்டன் தையல் கடையான 'கீவ்ஸ் அண்ட் ஹாக்ஸ்' என்று இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தால் 1974 அல்லது அதற்குப் பிறகு. 'ஏ. ஸ்டான்லி அண்ட் சன்ஸ், வால்சால்' என்று பிளாஸ்டிக் பேட்ஜில் இருந்தால் இரண்டாம் உலகப் போரின் நடுக்காலம். உலோகம் ஆயுதத்துக்குப் போனதால் 1942 முதல் பிரிட்டனில் பிளாஸ்டிக்கில் தொப்பி பேட்ஜ் செய்தார்கள். பிளாஸ்டிக் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுவும் போர்க்காலத்து அசல்தான்.

பெயர் இல்லாமல் வைரம்போல் ஒரு கட்டம், அதன் மூலைகளில் எழுத்துகள் இருந்தால் அது பிரிட்டனில் வடிவமைப்பைப் பதிவு செய்த குறி. 1842 முதல் 1883 வரை இருந்தது. 1884 முதல் வைரம் போய் வெறும் பதிவு எண் வந்தது. ஒன்றை நினைவில் வையுங்கள்: வடிவத்தைப் பதிவு செய்த காலம் வேறு, பொருளைச் செய்த காலம் வேறு. ஒரே அச்சை வருஷக்கணக்கில் ஓட்டுவார்கள்.

பெயரை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்

ஒரு பேட்ஜில் போலியாகச் செய்ய மிகச் சுலபமானது பட்டறைப் பெயர்தான். எழுத்துக் குத்து ஒன்று செய்தால் ஆயிரம் பேட்ஜில் அடிக்கலாம். 'ஜே.ஆர். காண்ட், லண்டன்' என்ற எழுத்தை நாக்கில் குத்தி வரும் புதுச் சரக்கு உலகம் முழுக்கக் கிடைக்கிறது. ஆகவே பெயர் ஒரு சாட்சி, அவ்வளவுதான். உலோகம், கிரீடம், பின்னால் உள்ள பிடிப்பு, படையின் பெயர் எல்லாம் அதே காலத்தைச் சொல்ல வேண்டும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியதாக ஒரு தம்பி கொண்டுவந்த பேட்ஜைச் சொல்கிறேன். முன்னால் விக்டோரியா கிரீடம். பின்னால் நீள நாக்கு, அதில் காண்ட் பெயர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது. விற்றவர் 1890 என்று சொல்லியிருக்கிறார். லென்ஸில் பார்த்தபோது, முன்பக்கம் மேடான இடங்கள் வழுவழுவென்று தேய்ந்திருந்தன, பின்பக்க எழுத்தோ நேற்றுக் குத்தியதுபோல் விளிம்பு கூர்மையாக நின்றது. விக்டோரியா காலத்தில் பெரும்பாலும் காது வைத்துத்தான் செய்தார்கள். நாக்கு பரவலானது 20ஆம் நூற்றாண்டு தொடங்கிய பிறகு. நாக்கைப் பற்றவைத்த இடத்தில் ஈயம் வழிந்து வெள்ளையாக, புதுசாகத் தெரிந்தது. அடுத்தது நிறம். பழைய பிரிட்டிஷ் பேட்ஜில் செம்பு கூடுதலாகச் சேர்த்த பித்தளை இருக்கும், லேசான செம்மை ஓடும். இது நம் பாத்திரக்கடை மஞ்சள் பித்தளை. ஓரத்தை விரல் நகத்தால் தடவினால் மணல் மாதிரி நெருடியது, அங்கங்கே ஊசிமுனைக் குழி.

நெருடலும் குழியும் வார்ப்பின் அடையாளம். அசல் பிரிட்டிஷ் பேட்ஜ் தகட்டை அச்சில் வைத்து அடித்தது. முன்னால் எது மேடோ அது பின்னால் பள்ளமாக இருக்கும், வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கும். அசலை மண்ணில் பதித்து வார்த்தால் உலோகம் ஆறும்போது சுருங்கும். பித்தளை நூற்றுக்கு ஒன்றரை பங்கு வரை சுருங்கும். 40 மில்லிமீட்டர் பேட்ஜ் அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைந்து நிற்கும். காலிப்பர் வேண்டும் என்றது இதற்குத்தான். எடை மட்டும் கூடியிருக்கும், ஏனென்றால் வார்ப்பில் தகட்டு மெல்லிசு வராது.

முலாமும் காலம் சொல்லும். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே பேசுவேன். மின்சாரத்தில் முலாம் ஏற்றுவதற்கு பர்மிங்காம் எல்கிங்டன் குடும்பம் காப்புரிமை வாங்கியது 1840. அதற்கு முன்னால் அதிகாரிகளின் பொத்தான், பேட்ஜ் எல்லாம் பாதரச முலாம்; தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி, சூட்டில் பாதரசத்தைப் பறக்கவிடுவது. அது கனமாக, பள்ளத்திலும் சமமாகப் பிடித்திருக்கும். மின் முலாம் மேட்டில் கூடுதலாகவும் பள்ளத்தில் மெல்லிசாகவும் ஏறும். நீலம் கலந்த வெள்ளையாக மினுக்கினால் குரோமியம். அது தொழிலுக்கு வந்ததே 1920களின் நடுவில். குரோமியம் பூசிய பேட்ஜை முதல் உலகப் போர் என்று ஒருவர் விற்றால், ஒன்று பின்னால் யாரோ பூசியிருக்க வேண்டும், இல்லை கதை விடுகிறார். கையில் எடுத்தால் இறகு மாதிரி கனமே இல்லாமல், தங்கநிறம் மட்டும் மங்காமல் இருந்தால் அது சாயம் ஏற்றிய அலுமினியம். 1950களின் தொடக்கத்துக்குப் பிறகு பிரிட்டிஷ் படையில் வந்தது. சிப்பாய்க்குத் துலக்கும் வேலை மிச்சம்.

கிரீடத்துக்கு வருவோம். மேல் வளைவுகள் குடை மாதிரி உயர்ந்து உருண்டிருந்தால் ராஜா கிரீடம், 1901 முதல் 1952 வரை. வளைவு நடுவில் கீழே குழிந்திருந்தால் எலிசபெத், 1953-இலிருந்து. விக்டோரியா கிரீடமும் மேலே சற்று அமுங்கி இருக்கும். அதனால் எலிசபெத்தை விக்டோரியா என்று சொல்லி விற்பது சந்தையில் ரொம்ப சகஜம். 2022-இல் சார்லஸ் மறுபடியும் உருண்டை வடிவத்தையே எடுத்துக்கொண்டார். ஆகவே இன்று புதிதாக அடிக்கும் பிரிட்டிஷ் பேட்ஜிலும் ராஜா கிரீடம்தான். இனிமேல் கிரீடத்தை மட்டும் பார்த்து 'போர்க்காலம்' என்று சொல்ல முடியாது.

நம்மூரில் இன்னொரு தவறான கணக்கு ஓடுகிறது: கிரீடம் இருந்தால் 1947-க்கு முன். அப்படி இல்லை. சுதந்திரம் வந்த பிறகும் நம் படை கிரீடத்தைத்தான் அணிந்தது. அது இறங்கி அசோகச் சிங்கம் ஏறியது 1950 ஜனவரி 26, குடியரசு நாளில். உங்கள் தாத்தா 1948-இல் சேர்ந்திருந்தால் கிரீடத்தோடுதான் போட்டோவில் நிற்பார்.

வெள்ளி என்றால் வேலை சுலபம்

கொடைக்கானல் சாமானில் வரும் சின்ன வெள்ளி புரூச்சுகள், அதிகாரிகளின் வெள்ளி பேட்ஜுகள், இவற்றில் பட்டறைப் பெயரை விட அரசு முத்திரைதான் கை கொடுக்கும். இப்போது நகையில் பிஐஎஸ் முத்திரை பார்க்கிற மாதிரியே. நடக்கிற சிங்கம் என்றால் 925 வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். கூட ஒரு எழுத்து இருக்கும், அதுதான் வருஷம். பர்மிங்காமில் 1900-இல் சின்ன எழுத்து 'ஏ'யில் தொடங்கி, 'ஜே'யை விட்டுவிட்டு 1924-இல் 'இசட்' வரை வந்தது. பிறகு 1925 முதல் 1949 வரை அதே வரிசை பெரிய எழுத்தில். சின்ன 'கியூ' என்றால் 1915, சின்ன 'ஆர்' என்றால் 1916. அந்தக் காலத்தில் எழுத்து மாறியது ஜூலையில், ஆகவே 'கியூ' என்பது 1915 ஜூலையிலிருந்து அடுத்த ஆண்டு நடுப்பகுதி வரை. ஒவ்வொரு ஊருக்கும் எழுத்து வரிசை தனி. நங்கூரம் இருக்கிறதா என்று பார்க்காமல் எழுத்தைப் படித்தால் வருஷம் எங்கேயோ போய்விடும்.

வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவில் இப்படிச் சட்டப்படி சோதனை முத்திரை கிடையாது. மெட்ராஸ் பி. ஓர் அண்ட் சன்ஸ் தங்கள் பெயரையே குத்தினார்கள். அந்தக் கடை 1849-இல் தொடங்கியது. கல்கத்தா ஹாமில்டன் கம்பெனி முத்திரையில் யானை இருக்கும். யானையைப் பார்த்ததும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்று குதிக்க வேண்டாம், அந்த யானை வேறு.

முத்திரையே இல்லாத நம்மூர்ச் சரக்கு

உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் இதுதான். இந்தியப் படைகளுக்கு வேண்டிய தோள்பட்டை எழுத்து, தலைப்பாகை பேட்ஜ் இவற்றில் நிறைய கன்டோன்மென்ட் பஜாரில் நம் கைவினைக்காரர்கள் வார்த்துக் கொடுத்தது. ஓரம் அரத்தால் ராவியிருக்கும், எழுத்து ஒன்றுக்கொன்று சற்றுக் கோணலாக இருக்கும், காது கையால் வளைத்த கம்பி. சீமையிலிருந்து வரும் கையேடுகள் 'வார்ப்பு என்றால் போலி' என்று எழுதிவைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் படைக்கு அது சரி. நம் படைக்கு அதை அப்படியே பொருத்தினால் அசலைக் காயலான் கடையில் போட வேண்டியதுதான். நான் பார்ப்பது தேய்மானம்: காதுக்குள் ஊசி உரசிய தடம் இருக்கிறதா, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு வயதாகியிருக்கிறதா.

இதற்குக் காலம் குறிக்க, படையின் பெயரைப் பிடிக்க வேண்டும். 1903-இல் இந்தியப் படைத் தளபதி கிச்னர் படை எண்களை மாற்றியபோது மெட்ராஸ் காலாட்படை எண்களோடு 60 கூட்டினார்கள். 23ஆம் வாலாஜாபாத் படை 83 ஆனது அப்படித்தான். 1922-இல் மறுபடியும் எல்லாம் கலைத்து அடுக்கினார்கள். ஆகவே வாலாஜாபாத் படையின் '83' உங்கள் கையில் இருந்தால் அது 1903-க்கும் 1922-க்கும் நடுவில். 'ராயல் இந்தியன் நேவி' 1934-இலிருந்து, பட்டாளத்துக்குச் சாமான் கொண்டுசேர்க்கும் சர்வீஸ் கோருக்கு 'ராயல்' 1935-இலிருந்து, விமானப்படைக்கு 1945-இலிருந்துதான். மூன்றுக்கும் 'ராயல்' போனது 1950. விமானப்படை பேட்ஜில் அந்த ஒற்றைச் சொல் இருந்தால் ஐந்தே வருஷத்துக்குள் காலம் அடங்கிவிடுகிறது, எந்தப் பட்டறை முத்திரையும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது. கொக்கி, சாப்பாட்டுத் தட்டு, பெட்டி மாதிரி சாமானில் அம்புக்குறியும் ஆங்கில 'ஐ' எழுத்தும் சேர்ந்து இருந்தால் இந்தியப் படைச் சொத்து. பக்கத்திலேயே வருஷம் குத்தியிருப்பதும் உண்டு. அம்புக்குறி ஆங்கில 'சி'க்குள் இருந்தால் கனடா.

மெடலுக்கு விளிம்பைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் மெடல்களை பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு எண், பெயர், படை எல்லாம் விளிம்பில் குத்திக் கொடுத்தார்கள். விளிம்பைத் துலக்கித் துலக்கி மழுக்கிவிட்டால் தாத்தாவின் பெயர் போயிற்று. 1908-இன் இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடலில் ரிப்பன் தொங்கும் கொக்கிப் பிடி வேலைப்பாடாக இருந்தால் லண்டன் அச்சு, வெறும் வளைவாக இருந்தால் கல்கத்தா அச்சு.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அப்பத்தா பையில் போட்டுக் கொண்டுவந்தது மோர்ப்பானை மூடி. வெண்கலம், ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் வட்டம், நடுவில் சூலம் பிடித்த பெண், காலடியில் சிங்கம், ஓரம் முழுக்க இங்கிலீஷ் எழுத்து. "ஏதோ ராணி காசுய்யா, எடைக்குப் போட்டா என்ன வரும்?" என்றார். அது காசு இல்லை. முதல் உலகப் போரில் செத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவு வட்டு. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1920 ஏப்ரல் 30 வரை இறந்தவர்களுக்கு. பெயர் மட்டும் இருக்கும், பதவி இருக்காது. செத்தபின் எல்லோரும் சமம் என்று அப்படிச் செய்தார்கள். பின்னால் ஒரு சின்ன வட்டத்துக்குள் 'டபிள்யூ'வும் 'ஏ'யும் பின்னிக்கிடந்தன. லண்டன் உல்விச் ஆயுதச்சாலையின் முத்திரை. முதலில் ஆக்டன் என்ற இடத்தில் வார்த்து, பின்னால் உல்விச்சுக்கு மாற்றினார்கள். அந்த முத்திரை இருந்தால் இரண்டாவது இடத்தில் வார்த்தது. பெயரைப் படித்துச் சொன்னதும் அவருடைய மாமனாருக்குப் பெரியப்பா என்று கணக்குப் போட்டுச் சொன்னார். எடைக்குப் போட வேண்டாம் என்று சொல்லித் துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

நேதாஜி படை பேட்ஜ் என்று ஒன்று வந்தால் இன்னும் உஷாராக இருங்கள். மலேயா, பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் நம் பக்கம் நிறைய என்பதால் அசல் இருக்கலாம். அதே காரணத்துக்காகவே போலியும் இங்கே நன்றாக விற்கும். இதில் முத்திரையைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். தியாகி பென்ஷன் காகிதம், பழைய போட்டோ, கப்பல் டிக்கெட், இப்படிக் குடும்பத்தோடு ஒட்டிய ஒரு தாளாவது கூட வர வேண்டும். தாள் இல்லாமல் கதை மட்டும் வந்தால் கதைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பார்த்து முடித்ததும் ஒரு அட்டையில் எழுதிவையுங்கள்: யாருடையது, எந்தப் பெட்டியில் கிடைத்தது, பின்னால் என்ன எழுத்து, அளவு, எடை, எந்த வருஷத்துக்கு முன் போக முடியாது, எந்த வருஷத்துக்குப் பின் வர முடியாது. ஒற்றை வருஷம் எழுத ஆசைப்படாமல் இரண்டு எல்லையை எழுதுங்கள். பேட்ஜை அமிலமில்லாத காகிதத்தில் சுற்றி வையுங்கள், ரப்பர் பேண்ட் போடாதீர்கள். ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். வருஷம் 100-ஐத் தாண்டுவதாகத் தெரிந்தால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தையும் கவனிக்க வேண்டும்; அந்த வயதுப் பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இணையத்தில் வெளிநாட்டுக்காரர் நல்ல விலை கேட்டார் என்று கூரியர் கவரில் போடுவதற்கு முன்னால், தொல்லியல் துறையில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.